ரயில்வே கேட்டில் குடித்த காப்பி

வலி வந்தபோது நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இராஜபாளையத்தில் மருத்துவத் துணியும் பஞ்சும் தயாரிக்கும் சிறிய ஆலை ஒன்றில் சோதனைப் பிரிவு என் பொறுப்பு. ஜவுளித் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்த புதிது. கண்ணாடித் தொட்டியில் ஒரு துண்டுப் பஞ்சைப் போட்டு, அது எப்படி நனைந்து அமிழ்கிறது என்று பார்க்க வேண்டும். நன்றாக வெளுத்த பஞ்சு தயங்காது. எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தால் மிதந்துகொண்டே இருக்கும். அன்று மதியம் பஞ்சு அமிழ்ந்தது. அதோடு நானும் கீழே போவதுபோல் இருந்தது. காலையிலிருந்து தொப்புளைச் சுற்றி முனகிக்கொண்டிருந்த வலி வலது அடிவயிற்றில் இறங்கி அங்கேயே ஊன்றி நின்றுவிட்டது.

எதையும் வரிசைப்படுத்திக்கொண்டால் எனக்குப் பயம் குறையும். வலி, வலப்பக்கம். குமட்டல், உண்டு. காய்ச்சல், லேசாக. நிமிர முடியவில்லை. இவற்றை மனதில் அடுக்கி முடித்தபோது நான் தரையில் கிடந்தேன். என்னைச் சுற்றிச் சேலைகள் கூடியிருந்தன.

"கொடல் ஏறிருக்கு. வெளக்கெண்ணெயக் கொண்டாங்க, தடவி எறக்கிருவோம்" என்றாள் பேண்டேஜ் உருட்டும் மேசையில் வேலை பார்ப்பவள். ஆலையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். எண்ணெய்க் கையோடு என் வயிற்றைத் தொட்டாள். நான் கத்தவில்லை. ஆனால் அவள் மணிக்கட்டை நான் பிடித்த பிடியில் அவளே கையை எடுத்துவிட்டாள்.

"இது கொடல் இல்லட்டி" என்றாள் மெதுவாக.

தெருமுனை டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அவர் கையை எடுத்தபோதுதான் அதிகம் வலித்தது. குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே அறுக்க வேண்டும் என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் அன்று அறுவை டாக்டர் இருப்பதாகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். "பச்சத்தண்ணி கூடக் குடுக்கக் கூடாது" என்று அக்காவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆலையின் வேன் சரக்கேற்றிக் கிளம்ப நின்றது. இறக்கப் பொழுதில்லாமல், வெள்ளைத் துணிப் பொதிகளின் மேலேயே என்னைக் கிடத்தினார்கள். இன்றும் அந்தப் பயணத்தைப் பயணமாக நினைக்க முடியவில்லை. தார்ப்பாயின் ஓட்டைகள் வழியாக வெயில் காசு காசாகத் துணியில் விழுந்து நகர்ந்தது. பின்பக்கத் திறப்பில் மேற்கு மலை நீலமாக எங்களோடு கூடவே வந்தது. வலி எனக்குள் இருக்கிறதா, வேனுக்குள் எங்கோ இருக்கிறதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மேகத்தைப் பொதியாகக் கட்டி ஏற்றியிருக்கிறார்கள், நான் அதற்குக் காவல் போகிறேன் என்று ஒரு நினைப்பு வந்து போனது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. செங்கோட்டை வண்டிக்காகக் காத்திருந்தோம். பக்கத்து டீக்கடையிலிருந்து அக்கா ஒரு டம்ளரோடு ஏறி வந்தாள். பால் ஊற்றிய சுக்குக் காப்பி.

"மயினி, டாக்டரு என்ன சொன்னாரு?" என்று டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"தண்ணியத்தான வேண்டாம்னாரு. வெறும் வயித்தோட கத்திக்குப் போனா ஒடம்பு தாங்குமா? நீரு ரோட்டப் பாரும்."

"ரோடு எங்க இருக்கு? கேட்டத்தான் பாக்கேன்."

மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. வாயும் வறண்டிருந்தது. குடித்துவிட்டேன். ரயில் போனது, மலையின் குறுக்கே யாரோ ஜன்னல்களை இழுத்துக்கொண்டு போவதுபோல.

அவசரப் பிரிவில் சுவர், கட்டில், விசிறி எல்லாம் தொலைவில் இருந்தன. "கடைசியா எப்பச் சாப்பிட்டாங்க?" என்று நர்சு கேட்டது காதில் விழுந்தது.

"காலைல ரெண்டு இட்டிலி. பொறவு ஒண்ணும் இல்லங்க" என்றாள் அக்கா.

"அப்ப முழு மயக்கமே குடுத்துரலாம்" என்றார் டாக்டர்.

அக்கா என் காதருகே குனிந்தாள். அவள் கையில் இன்னும் விளக்கெண்ணெய் வாசம். "சும்மா இரு. சொன்னா மதுரைக்குக் கொண்டு போன்னுருவாங்க. அம்புட்டுத் தூரம் நீ தாங்க மாட்ட."

அவள் பயம் பொய்யில்லை. எனக்கும் அந்தப் பயம் வந்தது. எதுவும் சொல்லாமல் அப்படியே அமிழ்ந்துவிடுவது எவ்வளவு சுகமாக இருந்தது. ஆனால் டாக்டரிடம் போன வரிசையில் ஒன்று விடுபட்டிருந்தது. சோதனையில் ஒன்றை விட்டுவிட்டால் அந்தத் துணி யாருடைய புண்ணுக்கோ போய்ச் சேரும். அடியிலிருந்து தண்ணீரை விலக்கி விலக்கி மேலே வருவதுபோல் வாயைத் திறந்தேன்.

"காப்பி குடிச்சேன். பால் காப்பி. முழு டம்ளர். கேட்டுல."

"மயக்கத்துல அது மேல வந்து மூச்சுக்குழாய்ல போயிருந்தா என்னம்மா செய்வீங்க?" என்றார் டாக்டர். குரலை உயர்த்தவில்லை. மூக்கு வழியாக ஒரு குழாயை இறக்கினார்கள். பாட்டிலில் காப்பி அதே நிறத்தில் வந்து சேர்ந்தது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு "ஏசப்பா" என்றாள்.

மதுரைக்கு அனுப்பவில்லை. முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்க வைத்து அறுப்பதாக முடிவானது. கையெழுத்துப் போட ஆள் வேண்டும். அம்மாவுக்குக் கூமாப்பட்டிக்குச் சொல்லி அனுப்பியிருந்தது. அவள் பஸ் பிடித்து வரும்வரை பொறுக்க முடியாது.

"நீங்க இவங்களுக்கு யாரு?"

"கூடப் பொறந்த அக்கா" என்றாள், சுவரிலிருந்து திரும்பாமலே.

டாக்டர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். அவள் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு பொய்யைத் திருத்தியாகிவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பாதி உடம்பு இல்லாமல் படுத்திருப்பது வினோதமான சுகம். திரைக்கு அப்பால் யாருடைய வயிற்றையோ தைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத் துணிகள் போயின, சிவந்து வந்தன. எல்லாம் தயங்காமல் நனைந்தன. எங்கள் ஆலைத் துணியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நல்ல துணி என்று மட்டும் தோன்றியது.

வார்டில் கண் விழித்தபோது அக்கா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். "நல்லாக் காட்டிக் குடுத்தட்டி" என்றாள். "இனி ஒனக்குப் பச்சத்தண்ணி கூடத் தர மாட்டேன்." போர்வையை என் கால்வரை இழுத்துவிட்டாள்.

சாயங்காலம் அம்மா மூச்சிரைக்க வந்தாள். நர்சு வாசலிலேயே நிறுத்தி, "பயப்படாதீங்க. ஒங்க மூத்த மகதான் கூடவே இருக்காங்க" என்றாள். நான் ஒருத்தியே பிள்ளை. அம்மா அக்காவையும் அவள் கழுத்துச் சிலுவையையும் நிதானமாகப் பார்த்தாள். என் நெற்றியைத் தொட்டுச் சூடு பார்த்தாள். பிறகு அக்கா பக்கம் திரும்பினாள்.

"மூத்தவளே, நீ ஏதாச்சும் சாப்பிட்டியா?"

"ஒரு காப்பி கூடக் குடிக்கல" என்றாள் அக்கா.