வார்டு வாசலில் வேப்பிலை

பாப்பம்மாவின் இடது கை நேராக நீளாது. பிறவிக் கோளாறு இல்லை. தோட்டத்துக் கூலியாள் முனியாண்டி மம்பட்டிக் காம்பால் அடித்த அடி அது.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். லூனாஸ் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் வார்டுக்கு அவர் ஆயா. புஷ்பவள்ளியாகிய நான் அவருக்குக் கையாள். மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மருந்தையெல்லாம் ஜப்பான் பட்டாளம் வாரிக்கொண்டு போய்விட்டது. மரவள்ளிக் கஞ்சியும் ஈரத்துணியும்தான் எங்களிடம் இருந்த வைத்தியம். பிள்ளை செத்தால் பட்டாளத்தைப் போய்க் கேட்க எவனுக்குத் துணிச்சல் இருந்தது? அங்கே இடுப்பு ஒடியக் குனிந்துவிட்டு, இங்கே குடித்துவிட்டு வந்து எங்களிடம் எகிறுவார்கள். மகன் செத்த அன்று முனியாண்டி, "மருந்த ஒளிச்சு வச்சிக்கிட்டியாடி" என்று கேட்டுக்கொண்டே அடித்தான். அந்தப் பையனைக் கடைசிவரை மடியில் வைத்திருந்தவர் பாப்பம்மா.

தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் முறையிட்டோம்.

"புள்ளயப் பறிகுடுத்தவன்லா. நீங்கதான் பொறுத்துப் போவணும்" என்றார்.

அடி வாங்கியவளுக்கு உபதேசம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாப்பம்மா கைக்கு மட்டை வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். கோயிலடியில் வேப்பங்கொத்து ஒடித்துவந்து வார்டு வாசலில் என்னைக் கட்டச் சொன்னார். அம்மை கண்ட இடம் என்று நினைத்தால் எங்கள் ஜனத்தில் குடித்தவன் எவனும் படி ஏற மாட்டான். தாய்மாரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிப் பின்பக்கமாக உள்ளே விட்டோம். அதற்குப் பிறகு ஒரு பயலும் வாசலில் சத்தம் போடவில்லை. கை ஒடிந்த பெண்பிள்ளைக்குக் கிடைக்காத மரியாதை, காய்ந்த கொத்துக்குக் கிடைத்தது.

ஒரு மத்தியானம் முனியாண்டி, மிச்சமிருந்த மகள் ரமணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். பிள்ளைக்குக் காய்ச்சலில் வலிப்பு. வேப்பிலையைக் கண்டதும் முற்றத்திலேயே நின்றுவிட்டான்.

"அம்மை கண்ட எடம். நான் வேற குடிச்சிருக்கேன். புள்ளய எப்படி உள்ள கொண்டாறது" என்று அழுதான். ரமணியின் கண் மேலே செருகிக்கொண்டிருந்தது.

"கொத்த அவுக்காதீங்கக்கா. நாளைக்கு இவனே திரும்பவும் கம்பெடுப்பான்" என்றேன். என் இடுப்பில் இன்னொரு காய்ச்சல் பிள்ளை.

பாப்பம்மா கொத்தைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டார்.

"இங்க யாருக்கும் அம்மை இல்ல. ஒன்ன மாதிரி ஆளுக்குப் பயந்துதான் கட்டினேன். ஒத்தக் கையால புள்ளய வாங்க முடியாது. நீயே தூக்கிட்டு வா."

அவன் அந்த மட்டைக் கட்டைப் பார்த்தான். பிறகு தலை குனிந்து படி ஏறினான்.

ரமணி பிழைத்துக்கொண்டாள். சில நாள் கழித்து முனியாண்டி ஒரு கூடை மரவள்ளிக் கிழங்கைத் தூக்கிக்கொண்டு வந்து பாப்பம்மாவைக் கும்பிட்டான். அவரும் வாங்கி வைத்துக்கொண்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

"புள்ள செத்திருந்தா இன்னைக்கு எதத் தூக்கிட்டு வந்திருப்ப?" என்று கேட்டேன்.