புள்ளி இல்லாத படம்

எமில் ஹ்ருஷ்கா நெப்ராஸ்காவில் வாழ்நாளெல்லாம் லாண்டரி நடத்தியவர். அவர் வெளுத்த அங்கியோடு பாதிரியார் பிரசங்கத்துக்கு எழுந்தால், கண் கூசி முதல் வரிசையே தலைகுனியுமாம். அந்த ஊரில் பக்தி பெருகியது அப்படித்தான் என்பாள் அவர் மனைவி வெர்னா. நான் கொஞ்சம் குறைத்தே சொல்கிறேன்.

கடையை விற்றுவிட்டு, எங்களைப் போலவே இருட்டைத் தேடி நியூ மெக்சிகோ பாலைவனத்துக்கு வந்தார்கள். இங்கே வீட்டுக்கு வீடு கொல்லையில் ஒரு தொலைநோக்கி, அதற்கு ஒரு தகரக் கொட்டகை. அமாவாசையன்று இங்கத்துப் பூனைக்குத் தன் வால் எது என்று தெரியாது. அடுத்த பூனையின் வாலை நக்கிக் கடி வாங்கும்.

எமிலுக்கு ஒரே ஆசை. புது வால் நட்சத்திரத்தை முதலில் கண்டு சொல்பவரின் குடும்பப் பெயரை அதற்கு வைப்பார்கள். அவருடைய சித்தப்பா, பெரியப்பா எல்லோருக்கும் பெண்கள். அவர்கள் கல்யாணமாகி வேறு பெயருக்குப் போய்விட்டார்கள். இவருக்குப் பிள்ளையே இல்லை.

"ஹ்ருஷ்காங்கற பேரு என்னோட முடியுது. மண்ணுல இல்லாட்டி போகுது, மேல ஒண்ணு சுத்தட்டுமே" என்பார்.

"கீழ சுத்தினது போதாதாக்கும்" என்பாள் வெர்னா.

வால் நட்சத்திர வேட்டையெல்லாம் சூரியன் விழுந்ததும் மேற்குவானத்தில். பதினாறு வருடம் ஒன்றும் சிக்கவில்லை. நெபுலா என்கிற வான்முகில்களையும் விண்மீன் மண்டலங்களையும் படமெடுப்பது மற்ற நேரத்துப் பொழுதுபோக்கு. ஒரே இடத்தை நூற்றுக்கணக்கில் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். எல்லாப் படத்திலும் இருப்பது நிற்கும். விமானம், செயற்கைக்கோள் என்று நகர்ந்து போவதையெல்லாம் அழுக்கென்று கணினி வழித்துப் போடும். எவ்வளவு வழிப்பது என்பது நம் விருப்பம். நாங்கள் பாதியோடு நிறுத்துவோம். லாண்டரிக்காரர் நிறுத்துவாரா?

அந்த மார்ச்சில் சிம்ம ராசிப் பக்கம் ஒரு விண்மீன் மண்டலத்தை எடுத்து முடித்தார். ஏப்ரலில் ஒரு காலை, நாங்கள் லூப்பேயின் கடையில் முட்டையும் பச்சை மிளகாய்க் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கொட்டகைக்காரர் ஆரின் வந்து உட்கார்ந்தார்.

"யோவ் எமில், ஒஹையோவுல ஒரு டீச்சரம்மா புது வால் நட்சத்திரம் பிடிச்சுட்டாங்க. கேட்டியா?"

"எந்தப் பக்கம்?"

"சிம்மத்துல. பாதையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவங்க பார்க்கறதுக்குப் பத்து நாள் முந்தி, உன்னோட விண்மீன் மண்டலத்தை ஒட்டித்தான் போயிருக்கு. நீ மூணு ராத்திரி அங்கதானே கேமராவை நட்டு வெச்சிருந்தே?"

எமில் தொப்பியை மறந்துவிட்டு எழுந்து போனார். நானும் ஆரினும் பின்னாலேயே போனோம். அவர் வீட்டுக் கணினித் திரையில் அந்த விண்மீன் மண்டலம் துவைத்து இஸ்திரி போட்டதுபோல் இருந்தது. பக்கத்தில், நகர்ந்து போன அந்தப் புள்ளி இருந்திருக்க வேண்டிய இடத்தில், வெறும் கறுப்பு.

"தனித்தனியா எடுத்த படங்க இருக்குமே?" என்றாள் வெர்னா.

"அடுக்கினதும் அழிச்சுட்டேன்."

"ஏன்?"

"அழுக்குத் தண்ணியை யாராவது எடுத்து வெப்பாங்களா, வெர்னா?"

ஆரின் இரண்டு நாள் கணினியைக் குடைந்தார். ஒன்றும் மீளவில்லை.

ஆகஸ்ட் மாதச் சந்தையில், போட்டிக்கு வைத்த ஜாம் பாட்டில்களுக்கும் போர்வைகளுக்கும் நடுவே அந்தப் படத்துக்கு முதல் பரிசு, நீல ரிப்பன். பரிசளித்த அம்மாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஒரு பொட்டு அழுக்குகூட இல்லையே!" என்று வியந்தாள்.

"இருந்துச்சும்மா. நான்தான் எடுத்துட்டேன்" என்றார் எமில். அவள் சிரித்தாள். வெர்னா சிரிக்கவில்லை. ரிப்பனைக் கழற்றிக் கைப்பைக்குள் திணித்தாள்.

"இன்னொண்ணு வராமலா போயிடும்?" என்றாள், வண்டியில் ஏறியதும்.

"வரும். யாராவது பார்ப்பாங்க."

செப்டம்பரில் தொலைநோக்கியை விற்றார். வாங்கியவர் டிரக்கில் ஏற்றும்போது, எமில் அதன் குழாயைத் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் கையை எடுத்தார்.