வேதாசலம் எழுதிய அறிவிப்பும் நான் எழுதிய கடிதமும்

போன திங்கட்கிழமை காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. நம் தமிழ்ச் சங்கத் தலைவர் பேசினார். "சிவராமன், வேதாசலம் தவறிட்டாராம். ரொக்ஸ்பரோ ஸ்டேஷன்ல ரயிலுக்கு நின்னுட்டிருந்தவர் அப்படியே உக்காந்துட்டாராம்." நான் வாயிலிருந்த நுரையைத் துப்புவதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டார். "ஞாயித்துக்கிழமை இரங்கல் கூட்டம் வச்சுடலாம். நீங்கதான் நல்லா எழுதுவீங்க. ரெண்டு பக்கம் போதும். அந்தப் பழைய விஷயத்தை மட்டும் விட்டுடுங்க."

அந்தப் பழைய விஷயத்தைத்தான் எழுதப் போகிறேன். கூட்டத்தில் வாசிக்க விடமாட்டீர்கள் என்று தெரியும். அதனால் சங்கத்துக்குத் தராமல் உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் தபாலில் அனுப்புகிறேன். வேதாசலத்தை அறிந்தவர்கள் என்று இந்த ஊரில் நாற்பது குடும்பங்கள் இருக்கின்றன. அறிந்துதானே ஒதுக்கினோம்.

அறுபத்தேழில் இங்கே நடந்த உலகக் கண்காட்சி முடிந்த மறு வருடம் அவர் மாண்ட்ரியலுக்கு வந்தார். சென்னையில் படித்த இயந்திரப் பொறியாளர். மனைவி கமலா, கைக்குழந்தை மீனா. நான் இல்-பிசார் தீவில் வீடு வாங்கியிருந்தேன். பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ரொக்ஸ்பரோவில் அவர் வீடு. சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு இட்லி அங்கே போகும், அவர்கள் வீட்டுக் காரக்குழம்பு இங்கே வரும். அவருடைய ஆங்கிலத்துக்கு அவர் வேலை செய்த ஆலையே மயங்கிக் கிடந்தது. வெள்ளைக்கார மேலாளரே கடிதம் எழுதிவிட்டு அவரிடம் காட்டித் திருத்திக்கொள்வார். அதில் அவருக்கும் பெருமை, நமக்கும் பெருமை. ஆங்கிலம் பேசினால் சோறு, நன்றாகப் பேசினால் நெய்ச்சோறு என்றுதானே நாம் எல்லோரும் விமானம் ஏறினோம்!

அந்த ஆங்கிலத்தில்தான் அவர் ஓர் அறிவிப்பு எழுதினார். தகடு வெட்டும் இயந்திரத்தின் மேல் ஒட்டுவதற்கு. சக்கரம் முழுவதும் நிற்கும் முன் காப்பு மூடியைத் தூக்கக் கூடாது, அவ்வளவுதான் செய்தி. அதை நான்கு வரி நீளும் ஒரே வாக்கியமாக எழுதியிருந்தார். மேலாளர் படித்துவிட்டு அவர் தோளில் தட்டினாராம். எனக்கும் ஒரு பிரதி காட்டினார். நானும் பிரமாதம் என்றேன்.

இரண்டு மாதத்தில் ரொஜே என்ற தொழிலாளி மூடியைத் தூக்கிவிட்டுக் கையை உள்ளே விட்டான். வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அறிவிப்பைப் படிக்கவில்லையா என்று மேஸ்திரி கேட்டதற்கு, அது எங்களுக்காக எழுதியது என்று தெரியாது, மேலே உள்ளவர்களுக்கு எழுதியது என்று நினைத்தேன் என்றானாம். அந்த ஆலையில் இயந்திரத்தைத் தொட்டவர்கள் அத்தனை பேரும் பிரெஞ்சு பேசும் இந்த ஊர்க்காரர்கள். ஆங்கிலம் படித்தவர்கள் யாரும் இயந்திரத்தைத் தொடவில்லை. இது ஒன்றும் ரகசியம் அல்ல. நம்மில் முக்கால்வாசிப் பேர் வேலை செய்த இடமெல்லாம் அப்படித்தான் இருந்தது, தினம் பார்த்தோம், பார்த்துக்கொண்டே சம்பள உயர்வு கேட்டோம்.

அன்று சாயங்காலம் அவர் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து காப்பியைத் தொடாமல் சொன்னார்: "நான் ஒரு அழகான வாக்கியம் எழுதினேன் சிவராமன். ரெண்டு விரல் போச்சு." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்க மேல தப்பு இல்லை, மேலாளர் பாத்துத்தானே ஒட்டினாங்க" என்றேன். அதாவது கை கழுவக் கற்றுக்கொடுத்தேன். அவர் கழுவிக்கொள்ளவில்லை. அடுத்த திங்கட்கிழமை மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டார். நாற்பது தாண்டிய மனிதர், நேற்று வந்து இறங்கிய போர்ச்சுகல்காரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பிரெஞ்சு எழுத்துக்கூட்டினார். அந்த அறிவிப்பைச் சின்னச் சின்ன வாக்கியமாகப் பிரெஞ்சில் எழுதி, ரொஜேயிடமே காட்டித் திருத்தி, இயந்திரத்தின் மேல் ஒட்டினார். ஆலையின் மொழி ஆங்கிலம் என்று சொல்லி நிர்வாகம் கிழித்தது. மறுபடி ஒட்டினார். மறுபடி கிழித்தார்கள்.

அப்போதுதான் நம் கியூபெக் மாகாணத்தில் தேர்தல் வந்து ஆட்சி மாறியது. புதிய சட்டமன்றம் கூடிய வேகத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தேர்தலுக்குக் கம்பெனிகள் நன்கொடை தரக் கூடாது என்று ஒரு சட்டம், காரில் அடிபட்டவனுக்கு யார் குற்றம் என்று பாராமல் இழப்பீடு என்று ஒரு சட்டம், விளைநிலத்தைக் காப்பாற்ற ஒரு சட்டம். வேதாசலம் பத்திரிகையில் வந்த ஒவ்வொன்றையும் வெட்டிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார். கமலா, "பால் எடுக்கணும்னா சட்டமன்றத்தைத் தொறக்க வேண்டியிருக்கு" என்று சிரிப்பார். எல்லாவற்றுக்கும் முன்னால் மொழிச் சட்ட மசோதா வந்தது. வேலை செய்யும் இடத்தில் பிரெஞ்சு, புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பள்ளி.

நமக்கு வயிறு எரிந்தது. சட்டமன்றக் குழுவுக்கு எதிர்ப்பு மனு கொடுப்பது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டோம். எழுதியவன் செயலாளராக இருந்த நான்தான். இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவனாக ஊர்வலம் போனதையும், தோளில் தடியடி வாங்கியதையும் எழுதி, மொழித் திணிப்பு என்றால் என்னவென்று தமிழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்று முடித்தேன். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். வேதாசலம் மட்டும் எழுந்து, "நான் தனியா ஒரு மனு குடுக்கறேன். சட்டம் வேணும்னு" என்றார். முறுக்குத் தட்டு பாதியில் நின்றது.

சட்டமன்றம் இருக்கும் கியூபெக் நகரத்துக்கு இரண்டு பேரும் ஒரே காரில் போனோம். என் வண்டி பழுது, அவரே கூப்பிட்டார். பின் இருக்கையில் என் மனுவும் அவர் மனுவும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன; அவற்றின் மேல் தயிர்சாதத் தூக்கு. வழி நெடுக அவர் தன் பேச்சின் முதல் வாக்கியத்தைப் பிரெஞ்சில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். "அந்த அறிவிப்பை எழுதியவன் நான்தான்." ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பார். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. நான் எரிச்சலோடு, "நீங்க ஏன் சார் போய் வலிய மாட்டிக்கறீங்க?" என்றேன்.

"உங்களை ஒண்ணு கேக்கறேன்," என்றார். "அங்க எதுக்கு அடி வாங்கினீங்க?"

"தமிழுக்கு."

"இங்க இந்த ஊர்க்காரன் அவன் மொழிக்குக் கேக்கறான். அவன் வீட்டுலயே அவனுக்குப் படிக்கத் தெரியாத போர்டை மாட்டி வச்சிருக்கோம். நீங்க ஊரை மாத்தினீங்க சிவராமன், பக்கத்தையும் மாத்திட்டீங்க. இப்ப நீங்க நிக்கறது தடியைப் பிடிச்சவன் பக்கம்."

நான் பின்னால் கை நீட்டித் தூக்கை எடுத்தேன். தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன்.

குழுவின் முன்னால் என் மனுவை ஆங்கிலத்தில் படித்தேன். ஓர் உறுப்பினர் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பின்வரிசையிலிருந்து வேதாசலம் எழுந்து அனுமதி கேட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "உங்க பிள்ளைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்துமான்னு கேக்கறார்." நான் தமிழில், "இல்லை, அதுங்க ஏற்கெனவே இங்கிலீஷ் ஸ்கூல்ல இருக்கு, சட்டம் அதுங்களை விட்டுடுது" என்றேன். அதை அப்படியே சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் என் தடியடிக் கதையைக் கேட்டார்கள். அதை அவர் பிரெஞ்சில் சொன்ன விதத்தில் ஓர் அம்மையார் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். எதிராளியின் வக்காலத்தை இத்தனை நேர்மையாக வாங்கிய மனிதரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ஆனால் அன்று நான் நினைத்தது வேறு. என்னைச் சந்தியில் நிறுத்திவிட்டார் என்று கறுவிக்கொண்டேன்.

அவர் முறை வந்தபோது அந்த வாக்கியத்தைச் சொன்னார். இரண்டு விரல்களைப் பற்றிச் சொன்னார். மறுநாள் பத்திரிகையில் வந்தது. அந்தக் கோடையிலேயே சட்டம் நிறைவேறியது. அந்தக் குளிர்காலத்துக்குள் ஆலையின் அலுவலகம் ஆங்கிலம் பேசும் டொராண்டோவுக்குப் பெட்டி கட்டியது. பொறியாளர்கள் எல்லோருக்கும் அங்கே இடம் இருந்தது, அவருக்கு மட்டும் இல்லை. அவர் ஆதரித்த சட்டமே அவர் வேலையைத் தின்றுவிட்டது, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார் என்று பேசிச் சிரித்தோம். சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் ஒரு சின்ன வரைபட அலுவலகத்தில், பாதிச் சம்பளத்துக்கு, முழுக்கப் பிரெஞ்சில் வேலை பார்த்தார். ரயில், பிறகு ஆற்றுக்கு அடியில் மெட்ரோ, பிறகு நடை. தினமும் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. அந்தப் பயணத்துக்கு நின்றபோதுதான் உட்கார்ந்துவிட்டார்.

இனி அந்தப் பழைய விஷயம். அந்தக் குளிர்காலப் பொங்கலுக்கு முன் நிர்வாகக் குழு கூடி, சங்கத்தின் ஒற்றுமை கருதி வேதாசலம் குடும்பம் விழாவுக்கு வராமல் இருக்கும்படி கேட்டுக்கொள்வது என்று முடிவு செய்தது. ஆறு பேர் கை தூக்கினீர்கள். கடிதத்தை நான் எழுதினேன், நல்ல ஆங்கிலத்தில். நிகழ்ச்சி நிரலில் மீனாவின் நடனத்தை என் பேனாவால் அடித்தேன். கடிதம் தபாலில் தாமதமாகிவிட்டது. பொங்கலன்று, விழாவுக்கு வாடகைக்கு எடுத்த மாதா கோயில் கீழ்த்தளத்து வாசலுக்கு மூன்று பேரும் வந்து நின்றார்கள். மீனா குளிர்காலக் கோட்டுக்குள் பட்டுப் பாவாடை கட்டியிருந்தாள். பத்து வயது, கையில் சலங்கைப் பை. வாசலில் நான் நின்றேன். தலைவர் உள்ளே சர்க்கரைப் பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்தார், அவருக்குக் கரண்டியை வைத்துவிட்டு வர நேரம் இல்லை.

"ஒரு லெட்டர் போட்டிருந்தோம்…" என்றேன்.

"வரலியே. என்ன எழுதியிருந்தீங்க?"

நான் வாயைத் திறந்தேன். எழுதியது ஒவ்வொரு வரியும் நினைவிருந்தது. சொல்ல வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், உள்ளே பார்த்தார், புரிந்துகொண்டார். "இங்கிலீஷ்ல எழுதினதைத் தமிழ்ல சொல்ல முடியலை, இல்ல?" என்றார் மெதுவாக. பிறகு மகளின் கையிலிருந்து சலங்கைப் பையை வாங்கிக்கொண்டு பனியில் இறங்கி நடந்தார். கமலா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் கதவைச் சாத்தினேன், உள்ளே குளிர் வரும் என்று.

போன புதன்கிழமை இறுதிச் சடங்கு மண்டபத்துக்கு நீங்கள் அத்தனை பேரும் வந்தீர்கள். மாலை வாங்கி வந்தீர்கள். தலைவர், "ஒரு பெரிய மனுஷரை இழந்துட்டோம்" என்று கமலாவிடம் சொன்னார். கூட்டம் அதிகமாகி நாற்காலி போதவில்லை. சுவர் ஓரமாகக் கறுப்புக் கோட்டில் ஒரு வெள்ளைக்காரன் நின்றான். மண்டபத்து ஆள் என்று நினைத்து, நம் பொருளாளர் அவனை விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டு, பக்கத்து அறையிலிருந்து நாற்காலி கொண்டுவரச் சொன்னார், ஆங்கிலத்தில். அவன் போய்க் கொண்டுவந்து போட்டான். ஒரு கையில் இரண்டு நாற்காலி. அந்தக் கையில் மூன்று விரல்கள் இருந்தன. நீங்கள் உட்கார்ந்தீர்கள். நன்றியாவது சொன்னீர்களா? நானும் எழுந்து தடுக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பழகியவனுக்கு அன்று மட்டும் வாய் எப்படி வரும்?

எல்லோரும் கலைந்த பிறகு ரொஜே நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தான். அதையும் அவனிடம் யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் போனேன். இந்த ஊரில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தும் எனக்குச் சொந்தமாகத் தெரிந்த பிரெஞ்சு வாக்கியம் ஒன்றுதான், காரில் கேட்டு மனப்பாடமானது. அதில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிச் சொன்னேன்.

"அந்தக் கடிதத்தை எழுதியவன் நான்தான்."

அவனுக்கு எந்தக் கடிதம் என்று தெரிந்திருந்தது. வேதாசலம் சொல்லியிருப்பார். நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். கோபமாகக்கூட இல்லை, கணக்கு வாத்தியார் அடுத்த வரியைக் கேட்பதுபோல ஒரே ஒரு கேள்வி கேட்டான். எனக்கே புரிகிற அளவுக்குச் சின்னக் கேள்வி.

"சரி, அப்புறம்?"

வேதாசலம் என்றால் இதற்குப் பதில் வைத்திருப்பார். அறிவிப்பை எழுதியவர் அதைத் திருப்பி எழுதினார், கிழித்தால் மறுபடி ஒட்டினார், மொழி படித்தார், குழுவின் முன் போய்ச் சொன்னார், வேலையையே பறிகொடுத்தார். நான் கடிதம் எழுதிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அந்தச் சட்டமன்றத்தின் காலம் இன்னும் முடியவில்லை, வேதாசலம் காலம் முடிந்துவிட்டது. யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ அந்த ஆளே இல்லாத ஊரில் நீங்கள் இரங்கல் தீர்மானம் போடப் போகிறீர்கள். அதுவும் ஆங்கிலத்தில்தான் தட்டச்சாகி வந்திருக்கிறது, பார்த்தேன்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியவை இரண்டு. அவருடைய ஒரு வாக்கியம், அவர் நண்பனுடைய ஒரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை நான் கூட்டத்துக்கு வரமாட்டேன். ரொக்ஸ்பரோவுக்குப் போய்க் கமலா வீட்டுக் கதவைத் தட்டி, மீனாவையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அன்று வாசலில் சொல்ல வராத கடிதத்தை வரி வரியாகத் தமிழில் சொல்லப் போகிறேன். கதவைத் திறப்பார்களா என்று தெரியாது. திறக்காவிட்டால் வாசலில் நின்று சொல்லுவேன். குளிரட்டும்.