மாந்தோப்பில் பாய் விரித்த கதை

ராஜபாளையத்தில் பாய்மரப் படகு வைத்திருந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். எங்கள் ஊருக்கும் கடல் இருக்கும் கொச்சிக்கும் நடுவில் ஒரு மலைத்தொடரே நிற்பதால் போட்டிக்கு யாரும் வரவில்லை.

இருபத்தாறு வருடம் சரக்குக் கப்பல்களில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவன் நான். அத்தனை வருடமும் கடலில் இருந்தேனே தவிர, கடலைப் பார்த்தது கொஞ்சம்தான். இன்ஜின் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. ரிட்டயர் ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் தோப்பு வாங்குவார்கள், டிராக்டர் வாங்குவார்கள். எனக்குக் கிறுக்கு வேறு மாதிரிப் பிடித்தது. கொச்சியில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி, உலகம் சுற்றியது போதும் என்று விற்ற முப்பதடிப் படகை, மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிவிட்டேன். மீதிக் காலத்தை இருவரும் அதிலேயே குடியிருந்து கழிப்பது, காற்றடிக்கிற பக்கம் போவது, பிடித்த இடத்தில் நங்கூரம் போடுவது என்று திட்டம்.

அந்த "இருவரும்" என்பதில்தான் உதைத்தது.

"என்னையக் கேக்காம வாங்குனீகள்ல, என்னையக் கேக்காமலே போங்க" என்றாள் மனைவி. மூன்று நாள் பேச்சில்லை. நாலாம் நாள் காலையில் தோசையைத் தட்டில் போட்டபடி தீர்ப்புச் சொன்னாள்.

"பொண்ணு பாக்க மாப்பிள வீடுதான் வரணும். அந்த டப்பா மொதல்ல இங்க வரட்டும். ஆடி முடியுத வரைக்கும் அதுக்குள்ள இருந்து பாக்கேன். ஏலும்னா கடலுக்கு வாரேன். ஏலலைன்னா வித்துரணும். பொறவு முணங்கப்பிடாது."

ஒப்புக்கொண்டேன். வேறு வழி? இவள் இல்லாமல் தனியாகப் போவதென்றால் நான் ரிட்டயரே ஆகியிருக்க வேண்டாம்.

வைகாசியில் படகு செங்கோட்டை வழியாக மலையிறங்கி வந்தது. பாய்மரத்தைக் கழற்றிப் படுக்கப் போட்டு, படகை நாலு சக்கர ட்ரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்தோம். அய்யனார் கோவில் போகிற ரோட்டில் என் பள்ளிக்கூடத்துச் சேக்காளிக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். படகைச் சுற்றி ஒரு நடை வந்துவிட்டு, "ஏமிரா, நீள்ளு எக்கடரா?" என்றான். தண்ணீர் எங்கேடா என்று கேட்கிறான். தோப்புக் கிணற்றைக் காட்டினேன். தலையிலடித்துக்கொண்டு இடம் கொடுத்தான். குடியிருக்கப் போகிற வீடு, மூஞ்சி கிழக்கே பார்க்கட்டும் என்று அவன்தான் ட்ரெய்லரைத் திருப்பி நிறுத்தச் சொன்னான். முதுகு மலைக்கு, முகம் கிழக்குக்கு. சக்கரங்களுக்கு முன்னால் முட்டுக்கட்டை வைத்து, கிரேன் பிடித்துப் பாய்மரத்தை நட்டு, ஏணி சாத்தி, பால் காய்ச்சிக் குடியேறினோம்.

படகில் குடியிருப்பதைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள் சூரிய உதயத்தைப் பற்றி எழுதுவார்கள். மண்டை இடிப்பதைப் பற்றி ஒருத்தரும் எழுதுவதில்லை. முதல் வாரத்தில் நான் எண்ணாமல் இடித்தேன். அவள் ஒருமுறைகூட இடிக்கவில்லை. அவள் உயரத்துக்கென்றே கட்டின மாதிரி இருந்தது. அதைச் சொன்னேன். "நாப்பது வருசமா குனிஞ்சு குனிஞ்சுதான பொழப்பு" என்றாள். படுக்கை முன்பக்கம் முக்கோணமாகக் குறுகும். ராத்திரி முழுக்க நாலு காலும் ஒரே மூலையில் சண்டை போடும். கக்கூசில் தண்ணீர் போகக் கைப்பம்பை அடிக்க வேண்டும். வயலுக்குத் தண்ணி பாய்ச்சுகிறேனா என்று கீழே நின்று சேக்காளி கேட்பான். அடுப்பு, படகு சாய்ந்தாலும் தான் சாயாதபடி ஊஞ்சல் மாதிரி தொங்கும். கடலில் அது பெரிய வசதி. தரையில் அவள் கரண்டி போட்டுக் கிண்டும்போதெல்லாம் அடுப்பும் கூடவே போய்வந்தது. "இது ரசத்தத் தாலாட்டுது" என்றாள்.

கிரைண்டருக்கு இடமில்லை. காலை நீட்டி உட்கார்ந்து காய் நறுக்கத் தரை இல்லை. மாம்பழக் காலம் வேறு. ராத்திரி ஒவ்வொரு பழமாக மேல்தளத்தில் விழுகிற சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவாள். குரங்குகள் பாய்மரத்தைத் தங்களுக்கென்று நட்டதாகவே எடுத்துக்கொண்டன. ஒவ்வொன்றும் படகுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது என்று நான் உள்ளுக்குள் பதறிக்கொண்டிருந்தேன். அவளோ குறை சொல்வாள், முடிவு சொல்ல மாட்டாள். "ஆடி முடியட்டும்" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்க்க ஆரம்பித்தார்கள். திரும்பும்போது ஈரத்துணியோடு மறுபடி நின்று பார்ப்பார்கள். "ஆத்துல இம்புட்டுத் தண்ணி வந்துச்சா, எப்பம்?" என்று ஒரு பெரியவர் உண்மையாகவே கேட்டார். ஒரு அம்மா ஏணிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுப் போனார். வந்தவர்களுக்கெல்லாம் இவள் ஏணியில் இறங்கி டீ கொடுத்தாள். அதையும் படகுக்கு எதிரான சாட்சிக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். நாலு சனத்தோடு இருந்தே பழகினவளை, நடுக்கடலில் யார் வந்து எட்டிப் பார்ப்பார்கள்?

ஆடி முடிய நாலு நாள் இருக்கும்போது வந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் எல்லாம் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மச்சான் வந்திருந்தார், அவளுடைய அண்ணன். அங்கே தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களில் ஒருத்தர்; முப்பது வருடமாகப் போடுகிறார். தேரை இழுக்க ஆயிரம் பேர் இருக்கலாம், நிறுத்துவதும் விடுவதும் சக்கரத்தடியில் கட்டையோடு நிற்கிற நாலு பேர் கையில்தான் என்பது அவர் கட்சி. அந்த வருடத் தேர் முடிந்து, உள்ளங்கை காய்ப்போடு விருந்துக்கு வந்தவர், படகைக்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. குனிந்து ட்ரெய்லர் சக்கரத்தைத்தான் பார்த்தார்.

"கட்டை வச்சது சரியில்ல மாப்ள" என்று நான் வைத்திருந்த கட்டைகளை எடுத்தெறிந்துவிட்டு, புளியங்கட்டை கொண்டுவரச் செய்து தன் கையால் வைத்தார். வைத்த இடத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தும் கொண்டார்.

எனக்கோ நாலே நாள்தான் பாக்கி. ஒருமுறையாவது பாயை முழுக்க விரித்துக் காட்டினால் அவள் மனசு இளகும் என்று தோன்றியது. மலையிலிருந்து காற்று சும்மா அள்ளியது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பது இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். முட்டுக்கட்டை இருக்கிறது, மச்சான் இருக்கிறார் என்ற தைரியம். அருவிக் கூட்டம் ஐம்பது அறுபது பேர் சுற்றி நின்றது. அவள் டீக்கெட்டிலோடு மேலே வந்து, சுக்கான் பிடிக்கிற இடத்தில் உட்கார்ந்தாள்.

கயிற்றை இழுத்தேன். வெள்ளைப்பாய் மாமரத்து உச்சிக்கும் மேலே ஏறியது. காற்று வந்து படார் என்று அதை நிறைத்தது. அவ்வளவு பெரிதாக ஒன்று தலைக்கு மேல் எழுந்து, கூடவே ஒரு ஆள் கயிற்றையும் இழுத்துக்கொண்டு நின்றால், எங்கள் பக்கத்துச் சனத்துக்கு வாயில் என்ன வரும்?

"கோவிந்தா! கோவிந்தா!"

முப்பது வருடப் பழக்கம். கோஷம் எழும்பினால் கட்டையைத் தட்டிவிட வேண்டும். மச்சான் தட்டிவிட்டார். ஒன்றையல்ல, இரண்டையும், நொடியில், சுத்தமாக.

படகு கிளம்பியது.

பின்னால் மலைக்காற்று, முன்னால் கிழக்குச் சரிவு. இருபத்தாறு வருடம் கப்பலில் இருந்தவன் அந்த நேரத்தில் செய்த காரியம், பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "அய்யனாரே" என்று கத்தியதுதான். அவள் கத்தவில்லை. ஒரு கையில் கெட்டில், மறு கையில் சுக்கான் கம்பு. நேரே வந்த மாமரத்தைப் பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துத் திருப்புகிறாள். அடியில் சுக்கான் வெறுங்காற்றில் ஆடியது. ட்ரெய்லர் தன் போக்கில் போனது. மரம் ஒரு முழம் தள்ளி ஓடியது. தான் திருப்பியதால்தான் தப்பித்தோம் என்று அவள் இன்றுவரை சொல்கிறாள். நான் மறுத்துப் பேசுவதில்லை.

"ஏலே, கட்டையக் கொண்டாங்கலே!" என்று அலறிக்கொண்டு மச்சான் சக்கரத்தோடு ஓடினார். ஓடுகிற சக்கரத்தடியில் கட்டையைச் செருகினார் பாருங்கள், அதற்கு அவர் காலில் விழலாம். படகு ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. மொத்தம் பதினைந்தடி போயிருப்போம். ஏணி பழைய இடத்தில் விழுந்து கிடந்தது. கூட்டத்தில் யாரோ குலவை போட்டார்கள்.

பாயை இறக்கினேன். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். திட்டு வாங்குவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது மரியாதை என்று பின்பக்கம் போனேன். சேலையெல்லாம் டீ. சுக்கானை இன்னும் விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வித்துருதேன்" என்றேன். "நாளைக்கே ஆளப் பாக்கேன்."

நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. எங்கேயாவது அடிபட்டதா என்று கேட்டேன். இல்லையென்று தலையசைத்தாள்.

"இருபத்தாறு வருசம், நீங்க கெளம்புதப்பல்லாம் ஸ்டேஷன்ல நின்னு கையக்காட்டிட்டு, வீட்டுக்கு வந்து ஒத்தையில கதவத் தொறப்பேன். தொறந்துட்டு உள்ள போகவே மனசிருக்காது" என்றாள். "இன்னைக்குத்தான் நீங்க கெளம்புதப்ப நானும் உள்ள இருந்தேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே மச்சான் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கே சாத்துவதென்று தெரியாமல் அண்ணாந்து நின்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள் அவள்.

"கடல்ல எப்பம் எறக்குதோம்?" என்று கேட்டாள்.