முடிவை மறுத்த வாசகர்களில் நானும் ஒருவன்

டப்...

துருப்பிடித்த பிஸ்கட் டின்னின் மூடி திறக்கிற சத்தம் அது. பெங்களூர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டின் அத்தனை இரைச்சலிலும் எங்களுக்கு அது மட்டும் தனியாகக் கேட்கும்.

பாய் கடையில் தமிழ் காமிக்ஸ் வாடகைக்குக் கிடைக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் அல்சூரிலிருந்து நடந்தே போவோம். ஆனால் எந்தப் புத்தகத்திலும் கடைசிப் பக்கம் இருக்காது! எடுத்துப்போன புத்தகங்கள் திரும்பி வராமல் சலித்துப்போன பாய் கண்டுபிடித்த வழி. கடைசிப் பக்கத்தை பிளேடால் அழகாக வெட்டி, டின்னில் போட்டு வைத்துக்கொள்வார்.

"பாய், க்ளைமாக்ஸ் குடு பாய்!"

"அரே, மொதல்ல புக்கைக் குடுறா. மூலை மடங்கிச்சா பாக்கணும். பஜ்ஜி எண்ணெ பட்டிருந்திச்சி, வில்லன்தான் ஜெயிச்சான்னு வச்சிக்க!"

நின்றபடியே படித்துவிட்டு, பக்கத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும்.

போன வாரம் மேல்வீட்டு விமலா மேடம் ஒரு ப்ரூஃபைக் கொண்டுவந்தார். பேராசிரியர், மதுரைக்காரர். தமிழ் காமிக்ஸ் பற்றிய ஆய்வு நூலில் அவருடைய கட்டுரை வருகிறது. எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னார்.

தலைப்பு: 'முடிவை மறுத்த வாசகர்கள்'.

இங்கே பழைய புத்தகக் கடையில் ஒரு கட்டு காமிக்ஸ் வாங்கினாராம். எல்லாவற்றிலும் கடைசிப் பக்கம் நேர்த்தியாக வெட்டப்பட்டிருந்ததாம். சொந்த ஊரை விட்டு வந்த பெங்களூர்த் தமிழர்கள் முடிவுகளை நம்பாதவர்கள், ஆகவே தாங்களே அதை வெட்டி எறிந்தார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாம்பார் வருவதற்குள் இட்லித் தட்டைப் பார்த்துவிட்டு, இந்த ஊர்க்காரர்களுக்கு சாம்பாரே ஆகாது என்று எழுதினால் எப்படி இருக்கும்?

"மேடம்... வெட்டினது நாங்க இல்ல. பாய்."

கதையைச் சொன்னேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன சார் சொல்றீங்க? நாளைக்கு அச்சுக்குப் போகுது! வருஷக்கணக்கா உழைச்சிருக்கேன்..."

"நாங்க எங்க மேடம் முடிவை மறுத்தோம்? அதுக்காக மழையில ஓடியிருக்கோம்!"

ப்ரூஃபை மடித்து வைத்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அந்த டின்னு எங்க சார்?"

இந்த முறை அதிர்ச்சி எனக்கு. கடையை மூடியபோது புத்தகங்கள் பழைய பேப்பர்காரரிடம் போயின. டின்? அந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள்.

"நீங்கதான் படிச்சிருக்கீங்களே, இதோட முடிவைச் சொல்லுங்க" என்று, தான் வாங்கிய கட்டிலிருந்து ஒரு சிவப்பு அட்டைப் புத்தகத்தை நீட்டினார். ஹீரோ பாலத்தில் தொங்குகிறான், மேலே ரயில் வருகிறது... பாயின் விரல் ஞாபகம் இருக்கிறது. டின்னின் துரு வாடை கூட. முடிவு மட்டும் வரவே இல்லை!

மேடம் பதிப்பகத்துக்குப் போன் செய்து அவகாசம் கேட்டார். நேற்று புதுத் தலைப்பைக் காட்டினார்: 'முடிவுக்காகத் திரும்பி வந்த வாசகர்கள்'. சிவப்புப் புத்தகத்தையும் எனக்கே கொடுத்துவிட்டார்.

இப்போதெல்லாம் படம் வெளியான அன்றே க்ளைமாக்ஸ் போனில் வந்துவிடுகிறது, வேண்டாமென்றாலும். இந்த ஹீரோதான் இன்னும் பாலத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறான்.

பாய்... மூலை மடங்கவே இல்லை, பாருங்கள். டின்னைத் திறங்கள்.