செங்கல் மேல் காய்ந்த டார்ச் கட்டைகள்

"மேஸ்திரி, லைட்டு பூட்ச்சு! ஒண்ணும் தெரியல!" என்று பாயிலருக்குள்ளிருந்து ஏகாம்பரம் கத்தினான். கூடவே ஒரு கெட்ட வார்த்தை. சுத்தியல் கட்டை விரலில் இறங்கியிருக்கிறது என்று புரிந்தது.

ஐம்பதுகளின் தொடக்கம். திருவொற்றியூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான் பாயிலர் மேஸ்திரி. பாயிலரை ஆறவிட்டு, மேன்ஹோல் வழியாக ஆள் தவழ்ந்து உள்ளே போய், டியூப்களில் பாறையாகப் படிந்த உப்பைக் கொத்தி எடுக்க வேண்டும். வெளியே கத்திரி வெயில் கொளுத்தும், உள்ளே கும்மிருட்டு. ஈரமான இரும்புக்குள் கரண்ட் ஒயரை இழுத்துப் போனால் ஆள் திரும்ப மாட்டான். ஆகவே இரண்டு பேட்டரிக் கட்டை போட்ட டார்ச் லைட்தான் எங்களுக்குக் கண்.

அந்தக் கண், ஸ்டோர் கீப்பர் ஜெகந்நாதத்தின் கையில் இருந்தது. தீர்ந்த கட்டையைக் கொடுத்தால்தான் புதுக் கட்டை என்பது ஸ்டோர் வழக்கம். ஏனென்றால் கம்பெனிக் கட்டைகள் தொழிலாளிகளின் வீடுகளுக்குப் போய்விடும் என்று கம்பெனிக்குப் பயம். நியாயமான பயம்தான், சிலது போனது.

ஜெகந்நாதத்தின் வீட்டில் வடாம் காயும் முறத்தில் தீர்ந்த கட்டைகளையும் சேர்த்துக் காயவைப்பார்கள். சாயங்காலம் அவை மறுபடி எரியுமாம். மனிதருக்கு ஞானம் பிறந்துவிட்டது. நாங்கள் திருப்பிக் கொடுத்த கட்டைகளையெல்லாம் தகரத் தட்டில் அடுக்கி, இரும்பு காய்ச்சும் ஃபர்னஸை ஒட்டிய செங்கல் மேடையில் வைத்தார். புதுக் கட்டை வாங்குவதை நிறுத்தினார்.

அந்தச் சூடு காட்டின கட்டையையே எங்களுக்குக் கொடுக்கும்போது கவுண்டரிலேயே லைட்டில் போட்டுச் சுவரில் அடித்துக் காட்டுவார். வெள்ளை வெளேரென்று எரியும். ஃபோர்மன் தொரை, ராயபுரத்து ஆங்கிலோ இந்தியர், அதைப் பார்த்துவிட்டு, "என்னா மேன், புதுசு மாதிரியே எரியுது! வெரி குட்!" என்று அவர் முதுகில் தட்டினார். ஜெகந்நாதம் ஒரு வாரம் அந்த முதுகை நாற்காலியில் சாய்க்கவில்லை.

அன்று ரத்தம் சொட்டும் விரலோடு வெளியே வந்த ஏகாம்பரத்தை ஸ்டோருக்கு அழைத்துப் போனேன். ஜெகந்நாதம் விரலைப் பார்க்கவில்லை. கட்டையைத்தான் பார்த்தார்.

"காலையில கவுண்டர்ல எரிஞ்சுதா இல்லையா? நீயே பாத்தியேப்பா."

"எரிஞ்சுது சார். உள்ள போன கொஞ்ச நேரத்துல மங்கிப் பூட்ச்சு."

"நான் கொடுத்த கட்டை அப்படிப் போகாது. அப்ப இது நான் கொடுத்த கட்டை இல்ல. நல்லத வீட்டுக்குக் கடத்திட்டு, வீட்டுச் செத்த கட்டையப் போட்டிருக்க."

"இன்னா சார் சொல்றே? என் வூட்ல டார்ச் லைட்டே கிடையாது! சிம்னி வெளக்குதான் கீது!"

அபாரமான வாதம். தன் வித்தை பொய்யாக இருக்கலாம் என்பதைத் தவிர உலகத்தில் எது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம் அவருக்கு. தொரையிடம் போய்ச் சொன்னார். கவுண்டரில் எரிந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்திருந்த தொரையும் நம்பினார். ஏகாம்பரத்தைக் கேட்டில் நிற்கச் சொன்னார்கள். மதியம் மேனேஜர் வந்து கையெழுத்துப் போட்டால் டிஸ்மிஸ். திருட்டு என்று எழுதி அனுப்பினால் எண்ணூர் வரைக்கும் எந்தக் கம்பெனியும் அவனைச் சேர்க்காது. வியாசர்பாடியில் அவன் சம்பளத்தை நம்பி ஒரு குடும்பம் இருந்தது. நான் தொரையிடம் கெஞ்சிப் பார்த்தேன். "ஐ சா இட், மேன்" என்றார். கண்ணால் கண்டவரிடம் என்ன பேசுவது?

பாயிலர் வேலை மட்டும் நிற்கக் கூடாதே. மறுநாள் பாயிலர் இன்ஸ்பெக்டர் வருகிறார். கொத்தின வரைக்கும் பார்க்கத் தொரையே உள்ளே இறங்கினார். ஜெகந்நாதம் செங்கல் மேடையிலிருந்து பொறுக்கி எடுத்த கட்டைகளைச் சுடச்சுட லைட்டில் போட்டு, பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார். பிரமாதமாக எரிந்தது. தொரை கனத்த உடம்பு. இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளி மேன்ஹோலில் நுழைத்தோம்.

தொரையின் பூட்ஸ் சத்தம் கோடி வரைக்கும் போனது. அவர் உடம்பு மறைத்தது போக மிஞ்சிய இடுக்கின் வழியே வெளிச்சம் மஞ்சளானது தெரிந்தது. அப்புறம் பீடி நுனி மாதிரி சிவந்தது. பிறகு அதுவும் இல்லை. "ணங்" என்று ஒரு சத்தம். அது சுத்தியல் இல்லை.

"மேஸ்திரி! லைட் போச்சு மேன்! எங்க இருக்கு ஹோல்?"

மெழுகுவத்தியோடு ஆள் போய்க் கூட்டி வந்தான். நெற்றியில் எலுமிச்சம்பழ அளவு வீக்கம், உடம்பெல்லாம் உப்புத்தூள். சத்தம் கேட்டுக் கேட்டிலிருந்து ஏகாம்பரமும் ஓடி வந்திருந்தான். தொரை லைட்டை ஜெகந்நாதத்திடம் நீட்டினார். அவர் மூடியைத் திறந்து கட்டைகளை உருட்டி உருட்டிப் பார்த்தார்.

ஏகாம்பரம் மெதுவாகத்தான் கேட்டான்: "இன்னா சார், தொரையும் வூட்டுக் கட்டைய மாத்திட்டாரா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் வேலை போகும். தொரை நெற்றியைத் தடவிக்கொண்டே, "கோ மேன், வேலையப் பாரு" என்றார். அவ்வளவுதான் மன்னிப்பு. ஜெகந்நாதம் மட்டும் என் காதில், "தொரை லைட்ட அணைச்சு அணைச்சுப் போட்டிருக்கணும். கட்டைக்கும் ஓய்வு வேணும் பாருங்க" என்றார்.

சம்பளத்தன்று ஏகாம்பரத்துக்கு அரைநாள் கூலி பிடித்திருந்தார்கள். வேலை செய்யாமல் கேட்டில் நின்றானாம்.

இப்போதும் இளைஞர்கள் என்னிடம் கேட்கிறார்கள், கட்டையைச் சூடு காட்டினால் எரியுமா என்று. எரியும் தம்பி. உள்ளே மிஞ்சிக் கிடக்கிற கொஞ்ச நஞ்சத்தைச் சூடு கிளப்பிவிடும். புதிதாக எதையும் ஊற்றிவிடாது. ஆணியால் ஓட்டை போட்டு உப்புத் தண்ணீர் விடுவதும் அப்படித்தான். கட்டையோடு லைட்டும் அரித்துப் போகும். வீட்டில் கொல்லைப்பக்கம் போய் வர வேண்டுமானால் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள், அணைந்தால் உங்கள் கால்தான் இடிக்கும். ஆனால் அந்தக் கட்டையை இன்னொருவன் கையில் கொடுத்து உள்ளே அனுப்பாதீர்கள். அனுப்பினாலும், அணைந்தபோது அவனைத் திருடன் என்று சொல்லாதீர்கள். தொரைக்கு அன்று நெற்றி வீங்கியிராவிட்டால் ஏகாம்பரம் திருடனாகவே வீட்டுக்குப் போயிருப்பான்.