செத்த வீட்டில் சொல்லிக்கொள்வதில்லை

போன ஞாயிறு மத்தியானம் நாங்கள் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்து நகரின் மறு ஓரத்து இல்-பிசாருக்கு நாற்பது நிமிடம் கார் ஓட்டினேன். வழியில் பதினாறு சிக்னல், ஒன்பது சிவப்பு. பக்கத்தில் பேத்தி நிரோஜா.

போனது செத்த வீட்டுக்கு. ருவானின் வீடு. பிரெஞ்சு பேசும் இந்த நகரிலேயே வளர்ந்த சிங்களப் பையன். இவளோடு சேர்ந்து பாட்டு எழுதுபவன். அவனுடைய அண்ணன் அங்கே ராணுவத்தில் இருந்தான். செவ்வாய்க்கிழமை கண்ணிவெடியில் போய்விட்டான்.

அங்கே போரை நிறுத்திச் சமாதானம் என்று சொன்ன காலத்தில் தொடங்கிய கூட்டு இது. இவள் தமிழில் ஒரு வரி எழுதுவாள். அதே தாளத்துக்கு அவன் சிங்களத்தில் ஒரு வரி. பொருளைப் பிரெஞ்சில் சொல்லிக்கொள்வார்கள். இதுவரை பதினொரு பாட்டு! சமாதானம் முறிந்தபோதும் இவர்கள் முறியவில்லை. ஆனால் இப்போது...?

“இனி அவன் என்னோட பாடுவானோ, அம்மப்பா?” என்று சனிக்கிழமை கேட்டாள். எனக்கு என்ன தெரியும்?

தெரிந்ததைச் சொல்லி வைத்தேன். செத்த வீட்டில் இருந்து புறப்படும்போது ‘போயிட்டு வாறன்’ என்று சொல்லக்கூடாது. பேசாமல் எழும்பி வந்துவிட வேண்டும்.

உள்ளே போக எனக்குத் துணிவு வரவில்லை. என் தங்கையின் மகனும் இதே போரில்தான்... மற்றப் பக்கத்தில். காரிலேயே இருந்தேன். முப்பத்தொரு நிமிடம் கழித்து வந்து ஏறினாள். காரை எடுக்கிறேன் — கோட் இல்லாமல், வீட்டுச் செருப்போடு ருவான் ஓடி வருகிறான். வெளியே மைனஸ் பதினெட்டு. அவள் கண்ணாடியை இறக்கினாள். பிரெஞ்சில்தான் கேட்டான்.

“ஒண்டுமே சொல்லாமல் போறாய். இனி என்னோட பாட மாட்டியோ?”

அவளுக்கு இருந்த அதே பயம் அவனுக்கும்! பிழை என்னுடையது. நாங்கள் மரியாதை என்று செய்வது அடுத்த வீட்டில் கோபமாய்த் தெரியும் என்று இந்த வயதிலும் எனக்குத் தோன்றவில்லையே?

நிரோஜா வழக்கத்தை விளக்கினாள். பிறகு தயங்கித் தயங்கி, புதுப் பாட்டின் மூன்றாம் சரணத்தை மாற்றிவிடலாமா என்று கேட்டாள். போருக்குப் போன அண்ணன் வீடு திரும்புகிற சரணம் அது.

ருவான் கண்ணைத் துடைத்தான்.

“மாத்த வேண்டாம். பாட்டிலயாவது அண்ணா வரட்டும்.”

வியாழக்கிழமை எங்கள் வீட்டில் பாட உட்கார்ந்தார்கள். அந்தச் சரணத்தில் எட்டு வரி. நான்கு தரம் தொடங்கினார்கள்.

அண்ணன் வாசலுக்கு வரும் ஐந்தாவது வரியை இன்னும் தாண்டவில்லை.